ஜாமீன் கிடைத்தும் பெண்களுக்குச் சிறைக் கதவு ஏன் திறப்பதில்லை?

சிறைவாசிகள் என்றதும் நம் சமுதாயத்தில் நினைவுக்கு வருவது ஆண்கள்தான். அவர்களின் விடுதலைக்காகக் கூட்டம் போடுகிறோம், மனு கொடுக்கிறோம், துஆ செய்கிறோம். பெண்களும் உள்ளே இருக்கிறார்கள் என்பது பேச்சிலேயே வருவதில்லை. 2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த சுமார் 5.73 லட்சம் பேரில் பெண்கள் 23,772 பேர். அவர்களில் 1,537 பேர் தங்கள் பிள்ளைகளோடு இருந்தார்கள். அப்படித் தாயோடு உள்ளே இருந்த பிள்ளைகள் 1,764. மொத்தச் சிறைவாசிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் தண்டனை பெற்றவர்களே அல்ல, விசாரணைக் கைதிகள்.

ஒருவரைச் சிறைக்கு வெளியே வைத்தே விசாரிக்கவும் திருத்தவும் சட்டத்தில் வழிகள் உண்டு. ஜாமீன், நன்னடத்தைப் பிணை, இப்போது புதிதாகச் சமூக சேவை. ஏட்டில் பார்த்தால் பெண்ணுக்குச் சலுகை கூடுதல்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 480ஆவது பிரிவு, மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனைக்குரிய வழக்காக இருந்தாலும் பெண், குழந்தை, நோயாளி என்றால் ஜாமீனில் விடலாம் என்கிறது. 'விடலாம்' என்றுதான் இருக்கிறது. 'விட வேண்டும்' என்று இல்லை. பணமோசடித் தடுப்புச் சட்டத்திலும் இதே போன்ற சலுகை உண்டு. தெலங்கானாவின் கவிதா படித்தவர், செல்வாக்குள்ளவர் என்பதைக் காட்டி டெல்லி உயர் நீதிமன்றம் அதை அவருக்கு மறுத்தது. உச்ச நீதிமன்றம் அந்தக் காரணத்தை ஏற்கவில்லை. 2024 ஆகஸ்ட் 27 அன்று ஜாமீன் வழங்கியது. அவருக்காக வாதாட மூத்த வழக்கறிஞர்கள் இருந்தார்கள். வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்?

ராஜா அண்ணாமலைபுரத்தின் அடுக்குமாடி வீடுகளுக்குக் காலையில் வேலைக்கு வரும் பெண்களில் ஒருவரை நினைத்துக்கொள்வோம். வீட்டில் ஒரு பொருள் காணவில்லை, புகார் போகிறது, கைது நடக்கிறது. புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில், ரூ.5,000க்குக் குறைவான பொருளை முதல்முறை திருடியவர் அதைத் திருப்பித் தந்துவிட்டால் சிறைக்குப் பதில் சமூக சேவை செய்தால் போதும். ஆனால் அது சாதாரணத் திருட்டுக்கு. வேலையாள் முதலாளி வீட்டில் திருடினால் 306ஆவது பிரிவு. 7 ஆண்டு வரை சிறை. சாதாரணத் திருட்டில் அதே விலைப் பொருளை எடுத்தவருக்குக் கிடைக்கும் மாற்று வழி, வேலைக்காரப் பெண்ணுக்கு இல்லை. சட்டத்தில் ஆண், பெண் என்ற வார்த்தையே இல்லை. ஆனாலும் வீட்டு வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் யார்?

அவருக்கு வேறொரு கதவு உண்டு. குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 1958. (இதில் நம் ஊர் முன்னோடி, மதராஸ் மாகாணம் 1936லேயே இப்படிச் சட்டம் இயற்றியது.) அதன் 3ஆவது பிரிவு, வேலையாள் திருட்டையும் பெயர் சொல்லிச் சேர்த்து, முதல்முறை குற்றவாளியைக் கண்டித்து அனுப்ப இடம் தருகிறது. 4ஆவது பிரிவின்படி பிணைப் பத்திரம் எழுதி வாங்கியும் விடலாம். ஆனால் அதற்கு அவருக்கோ, அவருக்காகப் பிணை நிற்பவருக்கோ நிலையான முகவரி அல்லது தொழில் இருக்க வேண்டும். வேலை போய்விட்டது. கணவர் கைவிட்டுவிட்டார், வாடகை வீட்டையும் காலி செய்தாயிற்று என்றால் எந்த முகவரியைக் காட்டுவார்?

ஜாமீனிலும் இதே சிக்கல்தான். இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும், ஒருவர் இரத்த உறவாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வருவதுண்டு. கைதான ஆணுக்காகத் தாயும் மனைவியும் நகையை அடகு வைத்துக்கொண்டு கோர்ட்டுக்கு ஓடுகிறார்கள். கைதான பெண்ணுக்காக, மானம் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டு யாரும் வராத வீடுகள் நம்மிலும் உண்டு. புழல் பெண்கள் தனிச்சிறையின் கதவு பூட்டியே இருப்பதற்குச் சட்டத்தைவிட இதுவே பெரிய காரணமாகிவிடுகிறது.

விசாரணைக் கைதிகளின் உரிமையை நாட்டுக்கு உணர்த்திய 1979ஆம் ஆண்டு வழக்கு ஒரு முஸ்லிம் பெண்ணின் பெயரில்தான் அறியப்படுகிறது: ஹுசைனாரா காத்தூன். பீகார் சிறைகளில் குற்றமே செய்யாத பெண்கள் 'பாதுகாப்பு' என்ற பெயரில் அடைக்கப்பட்டிருந்ததும் அதில்தான் வெளிவந்தது. அதற்கு 44 ஆண்டுகள் கழித்து, 2023 ஜனவரி 31 அன்று, உச்ச நீதிமன்றம் வழிமுறைகள் வகுத்தது. ஜாமீன் உத்தரவை அன்றோ மறுநாளோ சிறைக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். 7 நாளில் கைதி வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பிணை கொடுக்க முடியாவிட்டால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்தலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று வற்புறுத்துவதும் தாமதத்துக்குக் காரணம் என்று நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

நீதிபதிகளுக்குப் பயிற்சி தரும் தமிழ்நாடு மாநில நீதித்துறை அகாடமியும், புகார்களைக் கேட்கும் மாநில மனித உரிமை ஆணையமும் இதே ராஜா அண்ணாமலைபுரத்தில், கிரீன்வேஸ் சாலையில் இருக்கின்றன. அங்கே கற்பிக்கப்படுவது புழலில் இருக்கும் பெண்ணை எட்ட, அவருக்காகக் கேட்க வெளியே ஓர் ஆள் வேண்டும். மஹல்லா ஜமாஅத் அந்த ஆளாக நிற்கலாம். ஜாமீன்தாரரைத் தேடித் தருவது பெரிய செலவுள்ள வேலையும் அல்ல.

நம் வீட்டிலோ தெருவிலோ ஒரு பெண் கைதானால், முதல் நாளே வழக்கறிஞரிடம் 480ஆவது பிரிவின்படி ஜாமீன் கேட்கச் சொல்லுங்கள். குழந்தை இருந்தால், கர்ப்பமாக இருந்தால் மனுவிலேயே எழுதச் சொல்லுங்கள். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் 15100 என்ற எண்ணை அழையுங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987இன் 12ஆவது பிரிவின்படி பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு.