இருவர் எண்ணிய ஐந்து மலைகள்

அரூர் பக்கம், வாச்சாத்திக்குப் பின்னால் எழுந்து நிற்கிறது சித்தேரி மலை. நூறாண்டுக்கு முன் கொல்லிமலையில் குடியிருந்த ஓர் ஆங்கிலேயத் தம்பதி, இதையும் சேர்த்து ஐந்து மலைகளை எண்ணி வைத்திருந்தார்கள்: கொல்லி, பச்சை, கல்வராயன், பெரியமலை, சித்தேரி. ஐந்திலும் மருந்தையும் வேதத்தையும் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று பொருத்தனை. அன்று தருமபுரி தனி மாவட்டம் இல்லை. 1965 வரை எல்லாம் சேலம் ஜில்லாதான்.

கணவர் ஜெஸ்ஸி பிராண்ட். மனைவி எவலின், 1879-இல் லண்டனில் வசதியான வணிகர் வீட்டில் பிறந்தவர், ஓவியம் பயின்றவர். 1913-இல் திருமணம் முடிந்து மலையேறினார்கள். காலில் நரம்புச் சிலந்தி வந்தவர்களுக்கு ஜெஸ்ஸி புழுவை உருவி எடுத்தார், பல் பிடுங்கினார், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார். ஆனாலும் மலைவாசிகள் தயங்கியே நின்றார்கள். முதல் உலகப் போர் முடியும் நேரத்தில் விஷக் காய்ச்சல் பரவியது. அப்போது, அதுவரை அவர்களை எதிர்த்து வந்த பூசாரி, சாகும் தறுவாயில் தன் கைக்குழந்தையை இவர்களிடமே ஒப்படைத்தார்.

1923-இல் மகன் பாலும் மகள் கோனியும் படிப்புக்காக லண்டனில் உறவினர்களிடம் விடப்பட்டார்கள். பெற்றோர் மட்டும் மலைக்குத் திரும்பினார்கள். 1929 ஜூனில் ஜெஸ்ஸி இறந்தார். மலேரியா முற்றி, சிறுநீர் கறுத்துப்போகும் காய்ச்சல், வயது 44. சேதி தந்தியில் லண்டன் போய்விட்டது. அவர் முன்பு எழுதிய கடிதங்களோ கப்பலில் மெல்ல வந்துகொண்டிருந்தன. இறந்துபோன அப்பாவிடமிருந்து பதினான்கு வயதுப் பையனுக்கு வாரக்கணக்கில் கடிதம் வந்தது.

மலையில் எவலினுக்கு அந்தக் கடிதங்களும் இல்லை.

துக்க வீட்டில் ஆறுதல் ஜெபக்கூட்டம் வைப்பது தமிழ்க் கிறிஸ்தவர்களின் வழக்கம். பாட்டு, வேதபாடம், காபி. மறுநாள் வீடு வெறிச்சோடிவிடும். எவலினுக்கு அந்த மறுநாள் நாற்பத்தைந்து ஆண்டு நீண்டது. அவருடைய விசுவாசம் அவரை மடியில் வைத்துத் தாலாட்டியதாகத் தெரியவில்லை. இருவராக எண்ணிய ஐந்து மலைகளை ஒருவராக ஏறி முடிக்கச் சொல்லி, கையில் வேலையைக் கொடுத்தது. தனிமையில் தவிக்கும் ஒருவருக்கு, அன்றைக்கு எழுந்து போக ஓர் இடம் இருப்பது சின்ன விஷயமா என்ன?

இங்கிலாந்தில் சில காலம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். 68 வயதில், அவரை அனுப்பியிருந்த ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் ஓய்வு பெறச் சொன்னது. இன்னும் ஓராண்டு மட்டும் கொடுங்கள், அப்புறம் தொந்தரவு செய்ய மாட்டேன் என்று கேட்டு வாங்கினார். ஆண்டு முடிந்ததும் மிஷனிடம் விடைபெற்றுக்கொண்டு, மூட்டை முடிச்சுடன் நேராக மலைக்குப் போய்விட்டார்! சொன்ன சொல் தவறவில்லை. அதன் பிறகு மிஷனுக்கு அவரால் தொந்தரவே இல்லை.

குதிரையேறி ஊர் ஊராகப் போனார். 75 வயதில் தனியாக இருந்தபோது விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. இரவு முழுக்கத் தரையிலேயே கிடந்தார். காலையில் வேலையாள் வந்து பார்த்த பிறகு, நான்கு பேர் கயிற்றுக் கட்டிலில் வைத்து மலையிறக்கினார்கள். அங்கிருந்து ஜீப்பில் குண்டும் குழியுமான பாதையில் 150 மைல். மகன் பால் 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்திப் பேர் வாங்கியவர். அப்படிப்பட்ட டாக்டர் மகன், இனி மலையை விட்டு வந்துவிடும்படி மன்றாடியும் அம்மா மறுத்துவிட்டார். வேலைக்கு உதவாமல் இந்த உடம்பைப் பத்திரப்படுத்தி என்ன செய்வது என்பது அவர் கேள்வி.

வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடிகூட வைத்துக்கொள்ளவில்லை. இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றி நடந்தார். 93 வயதில் குதிரையில் ஏற முடியாமல் போனபோது, மலைவாசிகள் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள்.

1974 டிசம்பரில், 95 வயதில் இறந்தார். சவப்பெட்டிக்கு மரத்தை வீணாக்காதீர்கள் என்று முன்பே சொல்லி வைத்திருந்தார். பழைய பருத்தித் துப்பட்டி ஒன்றில் சுற்றி, கொல்லிமலையில் ஜெஸ்ஸியின் கல்லறைக்குப் பக்கத்தில் மண்ணில் இறக்கினார்கள்.