மண்ணில் பதிந்த பூகம்ப வரலாறு

“எங்கள் பாட்டனார் காலத்திலும் இவ்வூரில் பெரிய பூகம்பம் நிகழ்ந்ததில்லை, ஆதலால் அஞ்ச வேண்டியதில்லை” என்று கூறுவோர் எல்லா ஊர்களிலும் உண்டு. பாட்டனார் காலம் மனிதர்க்கு நெடிது. பூமிக்கோ அது மிகச் சிறிய பொழுது. ஓரிடத்தில் ஒரு பெரும் பூகம்பம் நிகழ்ந்தபின் மற்றொன்று நிகழப் பல நூற்றாண்டுகள் செல்லக்கூடும். பூகம்பத்தைப் பதியும் கருவிகளோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் பயனுக்கு வந்தன. அஸ்ஸாமை ஆண்ட ஆஹோம் மன்னர்களின் ‘புரஞ்சி’ என்னும் வரலாற்று ஏடுகள் சில பூகம்பங்களைக் குறித்துள்ளன. அவ்வேடுகளுக்கும் முற்பட்ட காலத்தை அறிவது எவ்வாறு? அதற்கு மண்ணையே ஏடாகக் கொண்டு படிக்க வேண்டும்.

1897-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் மாலை ஷில்லாங் பீடபூமி பேரதிர்ச்சிக்கு உள்ளாயிற்று. ஷில்லாங் நகரின் கல் கட்டடங்கள் இடிந்து வீழ்ந்தன. இதனை ஆராய்ந்த நிலவியல் அறிஞர் ஆர். டி. ஓல்டம், பிரம்மபுத்திராச் சமவெளியில் பல இடங்களில் நிலம் பிளந்து நீரும் மணலும் பீறிட்டதை எழுதி வைத்தார். இம்மணலே பிற்கால ஆராய்ச்சியாளருக்குத் திறவுகோலாயிற்று.

மணல் ஏன் பீறிடுகிறது? ஆற்றங்கரை நிலத்தின் அடியில் நீரூறிய மணல் அடுக்கும், அதன்மேல் களிமண் அடுக்கும் இருப்பது இயல்பு. நிலம் கடுமையாகக் குலுங்கும்போது மணற்பரல்கள் ஒன்றையொன்று தாங்கும் வலிமையை இழக்கின்றன. இடையிலுள்ள நீரின் அழுத்தம் மிகுகின்றது. மணல் குழம்புபோலாகிக் களிமண்ணைக் கிழித்து மேலெழுந்து பரவுகின்றது. பின்னர் வரும் வெள்ளங்கள் அதன்மேல் வண்டலைப் படிய வைத்து மூடிவிடுகின்றன. நூற்றாண்டுகள் கழித்து அவ்விடத்தில் ஆழமான அகழி தோண்டினால், களிமண்ணின் ஊடே செங்குத்தாக ஏறிய மணற்கோடு சுவரில் தெளிவாகத் தென்படும்.

காலத்தைக் கணிக்கும் முறையும் எளிதில் விளங்கக் கூடியதே. மணல் கிழித்துச் சென்ற அடுக்கு பூகம்பத்திற்கு முந்தியது. கிழிபடாமல் அதனை மூடி நிற்கும் அடுக்கு பிந்தியது. இவ்விரு அடுக்குகளிலும் கிடைக்கும் கரித்துண்டு, மரத்துண்டு ஆகியவற்றில் எஞ்சியுள்ள கதிரியக்கக் கார்பனை அளக்கின்றனர். அது ஏறக்குறைய 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். இவ்வாறு பூகம்பம் எந்த இரு காலங்களுக்கு இடைப்பட்டது என்பது தெரிய வருகின்றது.

ஷில்லாங் பீடபூமிப் பகுதியில் ஹைதராபாத் தேசிய புவிபௌதிக ஆராய்ச்சி நிலையத்தினர் இம்முறையில் ஆராய்ந்து 1999-இல் முடிவுகளை வெளியிட்டனர். 1897-க்கு முன்னரும் பெரும் அதிர்ச்சிகள் நேர்ந்துள்ளன என்றும், அவற்றின் இடைவெளி சுமார் 500 ஆண்டுகள் என்றும் அவர்கள் மதிப்பிட்டனர். பின்னர் வேறு அறிஞர்கள் அவ்விடைவெளி இன்னும் நெடியது என்று கருதினர். இவ்வேறுபாடு வியப்பன்று. ஆற்றோடு வந்து படிந்த பழைய மரத்துண்டு, தான் கிடக்கும் அடுக்கைவிட வயது மிகுந்ததாக இருக்கலாம். ஆறு தன் போக்கை மாற்றிச் சில அடுக்குகளை அரித்துச் சென்றிருக்கலாம். சிறு அதிர்ச்சிகளோ மண்ணில் தடம் பதிப்பதேயில்லை. ஆகவே கிடைக்கும் விடை ஆண்டும் நாளும் குறித்ததன்று; நூற்றாண்டளவில் அமைந்ததே. அடுத்த பூகம்பம் எந்நாளில் வரும் என்று உரைக்கவும் இக்கலையால் இயலாது.

அவ்வாறாயின் பயன் யாது? ஓரிடம் எத்தகைய அதிர்ச்சிக்கு உள்ளாகக்கூடும் என்பதை இது உணர்த்துகின்றது. அதற்கேற்பக் கட்டட விதிகளை வகுக்க உதவுகின்றது. 1897-இன் அழிவைக் கண்டபின், மரச்சட்டமும் ‘இக்ரா’ நாணல் தட்டியும் மண்பூச்சும் தகரக் கூரையும் கொண்ட இலேசான வீடுகள் அஸ்ஸாமில் பரவின. ‘அஸ்ஸாம் வகை வீடு’ எனப்படும் அவை அதிர்ச்சியைத் தாங்குவதில் பெயர் பெற்றவை. இன்று அவற்றின் இடத்தில் பல மாடிக் கான்கிரீட் கட்டடங்கள் எழுகின்றன. விதிப்படி கட்டப்பட்டவை தாங்கும். அல்லாதவை உயிருக்கு ஊறாகும்.

பணியின் பொருட்டோ வாணிபத்தின் பொருட்டோ குவாஹாட்டி முதலிய நகரங்களில் குடியேறியுள்ள நம்மவர் பலர், அவ்வூரின் நிலத்தை அறியாமலே வீடு தேடுகின்றனர். வாடகையும் தண்ணீர் வசதியும் கேட்டறியும்போதே, கட்டடம் பூகம்ப விதிகளின்படி எழுப்பப்பட்டதா என்றும் கேட்டல் வேண்டும். வீடு வாங்குவோர் கட்டட வரைபடத்தைத் தகுதி பெற்ற பொறியாளரிடம் காட்டி அவர் கருத்தைப் பெறுதல் நன்று. அண்டை வீட்டார் நினைவில் பூகம்பம் இல்லை என்பது அவ்வினாவுக்கு விடையாகாது.