காத்திருக்கும் காது

பசிபிக் பெருங்கடலில் இருக்கும் சமோவாத் தீவில், குழந்தை பேசிய முதல் சொல் எது என்று கேட்டால் பெற்றோர் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: 'தாஎ'. அவர்கள் மொழியில் அதற்குப் பீ என்று பொருள். 'பீயைத் தின்னு' என்கிற வசவின் ஒரு துண்டு அது. 1970களின் பிற்பகுதியில் அங்கே போய்த் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் எலினர் ஓக்ஸ் இதைப் பதிவு செய்தார். சமோவாப் பெற்றோர் பார்வையில் குழந்தை என்பது பிறவியிலேயே துடுக்கானது, சொன்ன பேச்சைக் கேட்காதது. அப்படிப்பட்டது வாய் திறந்தால் திட்டத்தானே செய்யும்? எதிர்பார்த்ததே அவர்கள் காதில் விழுந்தது.

அந்தச் சொல்லை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அதே ஒலி மதுரையிலோ மட்டக்களப்பிலோ ஒரு தொட்டிலுக்குள்ளிருந்து வந்திருந்தால், பிள்ளை 'தாயே' என்று கூப்பிட்டதாக வீடே கொண்டாடியிருக்கும். பாட்டி திருஷ்டி சுற்றிப் போட்டிருப்பார். ஊரில் இருக்கும் தாத்தாவுக்கு உடனே போன் போயிருக்கும்.

பப்புவா நியூ கினியின் போசாவி மலைப்பகுதியில் வாழும் கலூலி மக்களின் காது இன்னொரு விதம். அவர்களோடு வாழ்ந்து ஆராய்ந்தவர் பாம்பி ஷீஃபலின். கைக்குழந்தைக்கு எதுவும் விளங்காது என்பது கலூலித் தாய்மாரின் எண்ணம். ஆகவே அதன் மழலைக்கு அவர்கள் பதில் சொல்வதில்லை. மாறாக, குழந்தையை வெளிப்பக்கம் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, குரலை உயர்த்தி, அதன் சார்பில் தாங்களே அக்காவோடும் அண்ணனோடும் பேசுவார்கள். அம்மாவைக் குறிக்கும் 'நோ', முலையைக் குறிக்கும் 'போ', இந்த இரண்டையும் சொன்ன பிறகுதான் பிள்ளைக்குப் பேச்சு வந்துவிட்டது என்று ஒப்புக்கொள்வார்கள். அதற்கு முன்பே வேறு சில சொற்களைச் சொல்லியிருக்கலாம். அவை கணக்கில் சேராது.

ஒரே வயதுக் குழந்தைகள், ஒரே மாதிரியான வாய். ஆனால் ஓரிடத்தில் முதல் சொல் வசவு, ஓரிடத்தில் முலை, நம் வீடுகளில் அம்மாவோ அப்பாவோ தாத்தாவோ. முதல் சொல்லில் பாதிதான் குழந்தையின் வாயில் உருவாகிறது. மீதிப் பாதி, அதற்காகக் காத்திருப்பவரின் காதில் உருவாகிறது.

முதலில் வாயைப் பார்ப்போம். ஆறாம் மாதத்துக்கும் பத்தாம் மாதத்துக்கும் இடையில் குழந்தை 'பபப', 'மமம', 'ததத' என்று அடுக்கத் தொடங்குகிறது. அதற்கு நாக்கை நுட்பமாக ஆளும் திறமை வேண்டியதில்லை. கீழ்த்தாடை ஏறி இறங்கினால் போதும். இந்த ஏற்ற இறக்கத்தின் மேல்தான் பேச்சு முழுவதும் பின்னால் கட்டப்படுகிறது என்பது பீட்டர் மெக்நீலேஜ் முன்வைத்த கருத்து. தாடை ஏறும்போது உதடுகள் ஒட்டிக்கொண்டால் ப அல்லது ம. நாக்கின் நுனி மேலே பட்டுவிட்டால் த அல்லது ந. பகரமும் மகரமும் உதடுகள் சேர்வதால் பிறப்பவை என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் இரண்டையும் ஒன்றாக வைத்திருப்பது இந்த இடத்தில் அழகாகப் பொருந்துகிறது. அப்படியானால் இரண்டுக்கும் வேறுபாடு எங்கே? அண்ணத்தின் பின்புறம் இருக்கும் மெல்லிய தசைப்பகுதியில். அது மேலே எழும்பி மூக்குக்குப் போகும் வழியை அடைத்தால் ப. தளர்ந்து தொங்கினால் ம. அம்மா முதலா அப்பா முதலா என்று வீட்டில் நடக்கும் அன்பான போட்டியின் முடிவு பல சமயம் அந்தச் சிறு தசையின் தளர்ச்சியில் இருக்கிறது.

இதில் மொழியியலாளர் ரோமன் யாகப்சனின் விளக்கம் புகழ்பெற்றது. மானிடவியலாளர் ஜார்ஜ் பீட்டர் மர்டாக் உலக மொழிகளிலிருந்து தாயையும் தந்தையையும் குறிக்கும் 1,072 சொற்களைத் திரட்டியிருந்தார். அவற்றை அலசிய யாகப்சன், தாயைக் குறிப்பவற்றில் 55 விழுக்காடு ம, ந போன்ற மூக்கொலி கொண்டவை, தந்தையைக் குறிப்பவற்றில் 15 விழுக்காடுதான் அப்படி என்று காட்டினார். ஏன்? மார்பில் வாய் பதித்துப் பால் குடிக்கும் குழந்தையால் எழுப்பக்கூடிய ஒரே ஒலி, மூக்கு வழியாக வரும் 'ம்ம்' என்கிற முனகல். பிறகு பால் கண்ணில் பட்டாலும் அதே முனகல் வருகிறது. பிறகு பசித்தால். பிறகு பால் தருபவர் வேண்டுமென்றால். விதிவிலக்குகளும் உண்டு. ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா, 'தேதா' என்றால் அம்மா. குழந்தை எழுப்பும் ஒலிகள் எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். எதை யாருக்குச் சூட்டுவது என்பது ஊர்வழக்கம்.

சார்ல்ஸ் டார்வின் தன் மூத்த மகனின் முதல் ஆண்டுகளைக் குறிப்பேட்டில் எழுதி வந்தார். அதை வைத்து 1877இல் 'மைண்ட்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். சரியாக ஒரு வயதில் மகன் தானாகவே ஒரு சொல்லை உண்டாக்கிக்கொண்டான் என்று அதில் வியக்கிறார். அந்தச் சொல் 'மம்'. பொருள், சாப்பாடு. பசித்தால் அழுவதை விட்டுவிட்டு 'மம்' என்று கேட்க ஆரம்பித்தான். சர்க்கரைக்கு 'ஷு-மம்' என்றான். இந்தச் சொல் அவனுக்கு எப்படிக் கிடைத்தது என்பதை டார்வினால் கண்டுபிடிக்க முடியவில்லை. தமிழ்த் தாய் எவருக்கும் அது புதிராக இருந்திருக்காது. 'பாப்பா மம்மு சாப்பிடுதா?' என்று நாம் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வருகிறோம். அந்த மம்முவைக் குழந்தைகளிடமிருந்து கற்றுக்கொண்ட பெரியவர்கள், அடுத்து வந்த குழந்தைகளுக்கு அதைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்றே நினைக்கிறேன்.

நம் உறவுப் பெயர்கள் முழுவதும் இப்படித் திருப்பிக் கொடுக்கப்பட்டவை போலத்தான் இருக்கின்றன. அம்மா, அப்பா, அக்கா, அண்ணா, அத்தை, தாத்தா, மாமா, பாப்பா. வீட்டில் அன்றாடம் தூக்கி வைத்துக்கொள்பவர்களின் பெயர்களில் ழகரமோ றகரமோ கிடையாது. இரட்டித்த மெய்களும் திரும்ப வரும் அசைகளும் நிறைந்திருக்கின்றன. திரும்ப வருவதற்கு மூளையிலேயே ஒரு வரவேற்பு உண்டு. யூடித் ஜெர்வைன் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், பிறந்து சில நாளே ஆன குழந்தைகளின் தலையில் ஒளி உணரிகளைப் பொருத்தி ஒலித்தொடர்களைக் கேட்க வைத்தார்கள். 'முபாபா' போல ஓர் அசை அடுத்தடுத்து வரும் தொடர்களுக்கு மூளை கூடுதலாகத் துலங்கியது. தாத்தா என்கிற சொல் சீக்கிரம் வாயில் வருவதற்குத் தாத்தாவின் செல்லம் மட்டும் காரணமல்ல. சித்தப்பாவும் பெரியம்மாவும் கொஞ்சம் காத்திருக்கத்தான் வேண்டும்.

முதல் சொல் வாயில் வருவதற்கு வெகு முன்பே குழந்தைக்குச் சில சொற்கள் விளங்கிவிடுகின்றன. ரூத் டின்காஃபும் பீட்டர் யுஸ்சிக்கும் 1999இல் ஆறு மாதக் குழந்தைகளுக்கு அவரவர் பெற்றோரின் வீடியோக்களை அருகருகே காட்டினார்கள். 'அம்மா' என்று ஒலித்ததும் குழந்தைகள் தங்கள் தாயின் படத்தைக் கூடுதல் நேரம் பார்த்தன. முன்பின் தெரியாத ஆண் பெண் படங்களைக் காட்டியபோது அப்படி எதுவும் நடக்கவில்லை. அந்த வயதில் அம்மா என்பது பொதுப்பெயர் இல்லை. அந்த ஒருத்தியின் பெயர்.

இனி காதுக்கு வருவோம். இந்த விஷயத்தில் என்னை மிகவும் ஈர்ப்பது மைக்கேல் கோல்ட்ஸ்டீன், ஆண்ட்ரூ கிங், மெரிடித் வெஸ்ட் மூவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு. எட்டு மாதக் குழந்தைகளை விளையாட விட்டு, பக்கத்தில் தாய்மாரை உட்கார வைத்தார்கள். தாயின் காதில் ஹெட்போன். ஒரு குழுவில், குழந்தை ஒலி எழுப்பிய உடனே ஆய்வாளர் ஹெட்போன் வழியே சைகை கொடுப்பார். தாய் புன்னகைப்பார், நெருங்கி வருவார், தொடுவார். இன்னொரு குழுவிலும் அதே அளவு புன்னகை, அதே அளவு தொடுகை. ஆனால் அவை தன் குழந்தை குரல் கொடுத்த நேரத்தில் வரவில்லை. வேறொரு குழந்தையின் நேரக்கணக்குப்படி வந்தன. அன்பின் அளவு ஒன்று, பொழுது மட்டும் தப்பிப் போனது.

விளைவு சில நிமிடங்களிலேயே தெரிந்தது. உடனுக்குடன் பதில் கிடைத்த குழந்தைகளின் ஒலி முதிர்ந்தது. வெறும் முனகல்கள் குறைந்து, மெய்யும் உயிரும் சேர்ந்த தெளிவான அசைகள் கூடின. இன்னொரு குழுவில் அந்த மாற்றம் இல்லை. தாய்மார் ஒரு சொல்லும் சொல்லித்தரவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. பார்த்துச் செய்ய முன்மாதிரியே அங்கே இல்லை. ஒரு புன்னகை, சரியான நொடியில். அதற்கே வாய் தன்னைத் திருத்திக்கொண்டது.

ஆய்வாளர்களில் கிங்கும் வெஸ்ட்டும் பறவைகளை ஆராய்ந்து வந்தவர்கள். வட அமெரிக்காவின் கௌபேர்ட் என்கிற பறவை, நம் குயிலைப் போல, வேறு பறவைகளின் கூட்டில் முட்டையிடும். அதில் பெண் பறவை பாடாது. ஆண் பாடும்போது பிடித்த பகுதி வந்தால், பெண் இறகைச் சட்டென்று ஒருமுறை அசைக்கும். இளம் ஆண்பறவை அந்த அசைவைப் பார்த்து, அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பப் பாடிப் பாட்டைச் செதுக்கிக்கொள்ளும். பாடத் தெரியாத ஒன்று பாட்டைக் கற்றுக்கொடுக்கிறது என்று அவர்கள் 1988இல் காட்டியிருந்தார்கள். அதே கேள்வியைத் தாய்மாரிடம் கொண்டுபோனதுதான் பின்னால் நடந்த ஆய்வு.

ஆகவே 'அப்பான்னு சொல்லிட்டான்!' என்று ஒரு தகப்பன் துள்ளும்போது, அது வெறும் தாடை அசைவுதான் என்று அவரைத் திருத்தப் போவது தேவையற்ற அறிவு. அந்தத் துள்ளலில்தான் அந்த ஒலிக்கு ஒரு விலை ஏறுகிறது. 'பபப' என்றால் இந்த முகம் மலரும், இந்தக் கைகள் தூக்கும் என்று குழந்தை கண்டுகொள்கிறது. நாளாக ஆக, அந்த முகத்தை வரவழைக்கவே அந்த ஒலியை எழுப்புகிறது. அன்று அது உண்மையிலேயே சொல்லாகிவிடுகிறது.

கலூலிக் குழந்தைகளும் காலாகாலத்தில் நன்றாகப் பேசத்தான் செய்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர்களைச் சுற்றி நாள் முழுக்கப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது, அவர்கள் சார்பில் பேச ஒருவர் இருக்கிறார். மொழிக்குள் நுழைய வாசல்கள் பல. ஆனால் யாருடைய வீடு என்பது முதல் சொற்களில் தெரிந்துவிடும். ட்வைலா டார்டிஃப் குழுவினர் 2008இல் முதல் பத்துச் சொற்களை ஒப்பிட்டபோது, பெய்ஜிங் குழந்தைகளின் பட்டியலில் அப்பாவைப் பெற்ற தாத்தாவும் பாட்டியும் இடம்பிடித்திருந்தார்கள். அமெரிக்கக் குழந்தைகளின் பட்டியலில் அவர்கள் இல்லை. நாய் இருந்தது.

ஒரே ஒரு குழந்தையை இதுவரை யாரும் பார்க்காத அளவுக்குப் பார்த்தவர், எம்ஐடி ஆய்வாளர் தேப் ராய். 2005இல் மகன் பிறந்தபோது, வீட்டின் கூரைகளில் 11 கேமராக்களையும் 14 மைக்குகளையும் பொருத்தினார். மூன்றாண்டில் சுமார் 90,000 மணி நேர வீடியோ சேர்ந்தது. 'காகா' என்று தொடங்கிய ஓர் ஒலி ஏறத்தாழ ஆறு மாதத்தில் மெல்ல மெல்ல உருமாறி, தண்ணீரைக் குறிக்கும் 'வாட்டர்' ஆவதை அதில் கேட்க முடிந்தது. ஒரு சொல் எவ்வளவு அடிக்கடி காதில் விழுகிறது என்பதைவிட, குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட வேளையில், குறிப்பிட்ட பேச்சோடு விழுகிறதா என்பதே அது சீக்கிரம் வாய்க்கு வருமா என்பதைக் காட்டியது. இதைவிட என்னை நெகிழ வைத்தது இன்னொன்று. குழந்தை ஒரு சொல்லைச் சொல்லப்போகும் நாள் நெருங்க நெருங்க, அந்தச் சொல் வரும் இடத்தில் பெரியவர்களின் வாக்கியங்கள் சுருங்கின. குழந்தை அதைச் சொன்ன பிறகு மீண்டும் நீண்டன. அப்பா, அம்மா, பார்த்துக்கொண்ட பணிப்பெண், மூவருமே தங்களை அறியாமல் இதைச் செய்திருந்தார்கள்.

காத்திருக்கும் காது என்கிறேன். சில வீடுகளில் கண்ணும் காத்திருக்க வேண்டும். காது கேளாத குழந்தைகளுக்கு 'பபப' என்கிற தெளிவான அசைகள் பதினோராம் மாதம் அல்லது அதற்குப் பிறகே வருகின்றன என்று கிம்ப்ரோ ஆலரும் ரெபெக்கா ஐலர்ஸும் 1988இல் கண்டார்கள். 1991இல் லாரா பெட்டிட்டோவும் பவுலா மாரன்டெட்டும், சைகை மொழி பேசும் பெற்றோரின் காது கேளாத குழந்தைகளைக் கவனித்தபோது, அவர்கள் கைகளால் மழலை பேசுவதைக் கண்டார்கள். பொருளில்லாத கை வடிவங்கள், 'பபப' போலவே தாளத்தோடு அடுக்கி வந்தன. சைகை மொழி அறிந்த தாய்க்கு அது மழலை என்று தெரியும், பதில் சொல்வார். ஆனால் காது கேளாமல் பிறக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்குப் பெற்றோர் காது கேட்பவர்கள். அவர்கள் அந்த மழலைக்குக் கண்ணால் காத்திருக்கப் பழகாதவர்கள்.

இந்தக் குழந்தைகளுக்காகத்தான் பிறந்த சில நாட்களில் செய்யும் செவித்திறன் சோதனை இருக்கிறது. தூங்கும் குழந்தையின் காதில் சிறு கருவியை வைத்து மெல்லிய ஒலி அனுப்புவார்கள். நலமான உட்செவி தானே ஒரு நுண்ணொலியைத் திருப்பி அனுப்பும், கருவி அதைப் பதிந்துகொள்ளும். சில நிமிட வேலை, வலி இல்லை. குறைபாடு ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்டு உதவி தொடங்கிய குழந்தைகள், பிந்திக் கண்டறியப்பட்டவர்களைவிட மொழியில் நன்கு முன்னேறியதை அமெரிக்காவில் கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோ குழுவினர் 1998இல் காட்டினார்கள். ஆறு மாதம் என்பது முதல் சொல்லுக்கு இன்னும் பாதி ஆண்டு பாக்கி இருக்கும் வயது.