ஆறு மீட்டர் நடை சொல்லும் செய்தி

புதுச்சேரி கருவடிக்குப்பம் குரு சித்தானந்த சுவாமி கோயிலில் தரையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் எழுந்திருப்பதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். எழுபதைத் தாண்டிய சிலர் ஒரு கையை ஊன்றிச் சட்டென்று எழுந்துவிடுவார்கள். அறுபத்தைந்துகூட ஆகாத வேறு சிலருக்குப் பிடித்துக்கொள்ளத் தூணும் தேவை, தாங்கிக்கொள்ள இன்னொருவர் தோளும் தேவை. வயது மட்டுமே காரணம் என்றால் இப்படி இருக்காது. ஒரே வயதுக்காரர்கள் இருவரிடையே தெரியும் இந்த இடைவெளியைத்தான் முதுமை மருத்துவம் இருபத்தைந்து ஆண்டுகளாக அளந்துவருகிறது. எழுந்து நிற்கும் வலிமைக்கும் நினைவாற்றலுக்கும் உறவு இருக்கிறது என்பது அதில் தெரியவந்த உண்மைகளில் முக்கியமானது. நம் வீடுகளில் இன்னும் போய்ச் சேராததும் அதுதான்.

2001இல் அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃபிரீடும் அவருடைய குழுவினரும் 65 வயதைக் கடந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை ஆராய்ந்து, ‘நலிவு’ என்ற நிலைக்கு ஐந்து அடையாளங்களை வகுத்தார்கள். முயற்சி எதுவும் செய்யாமலே ஓர் ஆண்டில் நாலரைக் கிலோ அளவுக்கு எடை குறைவது, எதைச் செய்தாலும் களைத்துப்போவது, கைப்பிடி தளர்வது, நடை மெதுவாவது, நடமாட்டம் சுருங்குவது. இவற்றில் மூன்று இருந்தால் அவர் நலிவுற்றவர். ஒன்றோ இரண்டோ இருந்தால் அதன் வாசலில் நிற்கிறார். நலிந்தவர்கள் கீழே விழுவதும், மருத்துவமனையில் சேர்வதும், இறப்பதும் மற்றவர்களைவிட அதிகம் என்று அந்த ஆய்வு காட்டியது.

இந்த அடையாளங்களை மறுபடி படித்தால் எல்லாமே நமக்குப் பழக்கமானவை என்று புரியும். ‘ஆயா இளைச்சுட்டாங்க, வயசாச்சுல்ல’ என்ற ஒரே வரியில் ஐந்தையும் அடக்கிவிடுகிறோம். அந்த வரியோடு நாம் நிறுத்திக்கொள்வதுதான் எனக்குக் கவலை தருகிறது. 2019இல் வெளியான ஓர் ஆய்வு, தஞ்சாவூர் மாவட்டக் கிராமங்களில் சுமார் 400 முதியவர்களைப் பரிசோதித்தது. நூற்றுக்கு 28 பேர் என்ற அளவில் நலிவு இருந்தது. காவிரிப் படுகையில் வயல் வேலை செய்து வளர்ந்த உடல்களே இப்படி என்றால், ஸ்கூட்டரிலும் ஷேர் ஆட்டோவிலும் நகரும் புதுச்சேரி நகர்ப்புறத்து உடல்களை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நலிவின் நடுவில் இருப்பது தசை. முதுமையில் தசையும் அதன் வலிமையும் கரைவதற்கு ‘சார்கோபீனியா’ என்று 1989இல் பெயர் சூட்டியவர் இர்வின் ரோசன்பர்க். வெகுகாலம் அது ஒரு நோயாகவே எண்ணப்படவில்லை. ஆசிய உடலமைப்புக்கு ஏற்ற அளவுகளை ஆசிய நாடுகளின் நிபுணர் குழு 2019இல் திருத்தி வெளியிட்டது. கையால் இறுக்கும் கருவியில் ஆண்களுக்கு 28 கிலோவுக்கும், பெண்களுக்கு 18 கிலோவுக்கும் கீழே போனால் கவனம் தேவை. கருவி இல்லாவிட்டாலும் பார்க்கலாம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனாலும், வழக்கமான நடையில் ஆறு மீட்டரைக் கடக்க ஆறு விநாடிக்கு மேல் ஆனாலும் தசையின் திறன் குறைந்திருக்கிறது என்று பொருள். முழங்கால் வலியோ பார்வைக் குறைவோகூட நடையை மெதுவாக்கலாம். அதனால் இந்த எண்களை வைத்து நாமே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. மருத்துவரிடம் போக அவை போதுமான காரணம், அவ்வளவுதான்.

இனி புதுச்சேரிக்கே உரிய கவலைக்கு வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்துக்காகச் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. வயதுவந்தோரில் சர்க்கரை நோய் அதிகம் உள்ள பகுதி கோவா, 26.4 சதவீதம். மயிரிழை வித்தியாசத்தில் அடுத்த இடம் புதுச்சேரிக்கு, 26.3 சதவீதம். நான்கில் ஒருவர்!

சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையின் பெரும்பகுதியை உள்ளே இழுத்துக்கொள்ளும் கிடங்கு தசைதான். தசை குறையக் குறையக் கிடங்கு சிறுக்கிறது, ரத்தச் சர்க்கரை ஏறுகிறது. கட்டுக்கு அடங்காத சர்க்கரையோ தசையை மேலும் கரைக்கிறது. ஒன்றை ஒன்று கீழே இழுக்கும் இந்தச் சுழலின் இன்னொரு முனையில் மூளை இருக்கிறது. நுண்ணிய ரத்தக் குழாய்கள் கெடுவதும், உடலுக்குள் சன்னமாகப் புகைந்துகொண்டே இருக்கும் அழற்சியும், இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவதும் தசை, மூளை இரண்டையும் ஒருசேரத் தாக்குகின்றன. சர்க்கரை நோயாளிகளுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பது பல நாடுகளில் உறுதியான செய்தி.

தசை மூளைக்குச் செய்தியும் அனுப்புகிறது. உடற்பயிற்சியின்போது தசை ரத்தத்தில் கலந்துவிடும் ‘ஐரிசின்’ என்ற பொருளை அமெரிக்காவில் புரூஸ் ஸ்பீகல்மேனின் ஆய்வகம் 2012இல் விவரித்தது. நரம்பணுக்களை வளர்க்கும் புரதம் மூளையில் பெருக அது உதவுகிறது என்பது எலிகளில் பின்னர் தெரியவந்தது. மனிதர்களில் இதற்கான சான்று இன்னும் முதிரவில்லை. ஐரிசின் என்று எழுதிய டப்பாவை யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

நலிவுக்கும் மறதிக்கும் உள்ள உறவைச் சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழகம் நேரடியாகவே ஆராய்ந்தது. இறந்தபின் மூளையைத் தருவதாக ஒப்புக்கொண்ட முதியவர்களை அது ஆண்டுதோறும் பரிசோதித்துவந்தது. வாழும்போது நலிவு அதிகமாக இருந்தவர்களின் மூளையில் அல்சைமர் நோயின் தடயங்களும் அதிகமாக இருந்தன, மறதி நோய் வெளியே தெரியாதவர்களிடம்கூட. அமெரிக்கா, பிரிட்டன் இரு நாடுகளிலும் ஏறத்தாழ 30,000 பேரைத் தொடர்ந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2024ஆம் ஆண்டுக் கட்டுரை, மறதி நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு நான்கு முதல் ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே நலிவு வேகமெடுக்கிறது என்றது. அத்தனை ஆண்டுகளும் நம் கைக்கு எட்டும் காலம்.

நமக்கு நெருக்கமான ஆய்வு கோழிக்கோட்டில் நடந்தது. நியூயார்க்கில் நெடுங்காலம் ஆய்வு செய்துவந்த நரம்பியல் மருத்துவர் ஜோ வர்கீஸ், கேரள மருத்துவர்களோடு சேர்ந்து நடத்திய அது ‘கேரளா–ஐன்ஸ்டீன் ஆய்வு’ என்று அறியப்படுகிறது. அவர் 2013இல் முன்வைத்த கருத்து எளிமையானது. ‘ஞாபகம் முன்ன மாதிரி இல்ல’ என்று ஒரு முதியவர் தாமாகவே சொல்கிறார். அவருடைய நடையும் அதே வயதினரைவிட மெதுவாக இருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்திருந்தால் எச்சரிக்கை தேவை. மறுஆண்டு 17 நாடுகளைச் சேர்ந்த 26,802 முதியவர்களின் விவரங்களைத் தொகுத்தபோது, பத்தில் ஏறக்குறைய ஒருவரிடம் இந்த இரட்டை அடையாளம் இருந்தது. அப்படிப்பட்டவர்களுக்குப் பின்னாளில் அறிவுத்திறன் குறையும் வாய்ப்பு சுமார் இரு மடங்கு.

இதை நான் பெரிதாக மதிக்க ஒரு காரணம் இருக்கிறது. நினைவாற்றல் சோதனைகள் பலவும் பேனாவும் தாளும் கேட்பவை. கடிகாரம் வரையச் சொல்வார்கள், வாக்கியம் எழுதச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்துக்கே அனுப்பப்படாமல் மீன்கூடை சுமந்தும் நாற்று நட்டும் வாழ்ந்த பெண்மணிக்கு அந்தச் சோதனையில் மதிப்பெண் குறைந்தால், குறை அவர் மூளையிலா, அவருக்கு மறுக்கப்பட்ட படிப்பிலா? நடைக்கு எழுத்து வேண்டாம். அதோடு, நாட்டில் மறதி நோயை அளக்க வீடுவீடாகச் சென்ற லாசி–டாட் ஆய்வு, 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, அந்த நோய் இருப்பதாக 2023இல் மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமே, படித்தவர்களைவிடப் படிக்காதவர்களிடமே அது அதிகம். யாரைச் சோதிக்கக் கடினமோ அவர்களுக்கே ஆபத்து கூடுதல்.

சரி, கரைந்த தசை திரும்புமா? திரும்பும். 1990இல் பாஸ்டனில் முதியோர் காப்பகம் ஒன்றில் மருத்துவர் மரியா ஃபியட்டரோன் தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்குக் கால்களால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார். எட்டே வாரம். தொடை வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. அதே குழு 1994இல், சராசரியாக 87 வயதுடைய 100 பேரிடம் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது. பயிற்சி செய்தவர்களுக்கு வலிமை கூடியது. பயிற்சி இல்லாமல் சத்துபானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலன் தெரியவில்லை. மருந்துக்கடையில் விலையுயர்ந்த புரதப் பொடி வாங்கிக் கொடுத்துவிட்டு அம்மாவை நாற்காலியிலேயே உட்காரவைக்கும் பிள்ளைகள் இந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

எதிர்த்திசையில் வேகம் இன்னும் அதிகம். ஆரோக்கியமான முதியவர்கள் பத்தே நாள் படுக்கையில் இருந்ததில் கால்களிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோ தசையை இழந்தார்கள் என்று 2007இல் ஓர் ஆய்வு காட்டியது. காய்ச்சலோ கண் அறுவையோ முடிந்து வீடு திரும்பியவரை ‘அசையாம படுங்க’ என்று நாம் வாரக்கணக்கில் பொத்திவைக்கிறோம். மருத்துவர் தடுக்காதவரை, எழுந்து நடக்கவிடுவதே அவருக்குச் செய்யும் உதவி. நம் வீடுகளில் பாசம் பெரும்பாலும் வேலையைப் பிடுங்கிக்கொள்வதாகவே வெளிப்படுகிறது. ‘நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கிறேன்’ என்கிறோம். தண்ணீர் மொண்டுவைப்பது, வாசலில் கோலம் போடுவது, கடைக்குப் போய்க் கீரை வாங்கிவருவது என்று ஒவ்வொன்றும் கைமாறும்போது, ஆயாவின் தொடையும் கைப்பிடியும் செய்துவந்த தினசரிப் பயிற்சியும் நின்றுபோகிறது. கடைக்காரரோடு பேசிக் கணக்குப் பார்த்ததும் சேர்ந்து நின்றுபோகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பைச் சொல்கிறது. அதோடு இரண்டு நாள் தசை வலுவுக்கான பயிற்சியும், மூன்று நாள் உடல் சமநிலைக்கான பயிற்சியும் வேண்டும். காலையில் கடற்கரைச் சாலையில் நடப்பவர்கள் முதல் பாகத்தை நிறைவேற்றுகிறார்கள். மற்ற இரண்டும் விட்டுப்போகின்றன. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது, தண்ணீர் நிறைத்த அரை லிட்டர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது ஆகியவற்றுக்குச் செலவே இல்லை.

உணவில் நம் பக்கத்துக் குறை புரதம். முதியவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள் நிபுணர்கள். 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு 50, 60 கிராம். காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சோறு, இரவில் மறுபடி இட்லி என்றால் அதில் பாதி வருவதே கஷ்டம். பல் போனதும் பலர் முதலில் நிறுத்துவது மீனையும் சுண்டலையும்தான். முட்டை ஒன்றில் 6 கிராம், நூறு கிராம் மீனில் சுமார் 20 கிராம் இருக்கிறது. கடலோர ஊர்க்காரர்களுக்கு மத்தியும் நெத்திலியும் எட்டாத பொருளில்லை. சைவர்களுக்குக் கெட்டிப் பருப்பும் வேகவைத்து மசித்த பயறும் தயிரும் இருக்கின்றன. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே புரதத்தைக் கூட்ட வேண்டும். சர்க்கரைக்குப் பயந்து சாப்பாட்டையே பாதியாக்கி, எடை இறங்குவதைக் கண்டு மகிழும் முதியவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்த இறக்கத்தில் தசையும் போய்க்கொண்டிருக்கலாம்.

இதெல்லாம் மறதியைத் தடுத்துவிடுமா என்ற கேள்விக்கு நேர்மையாகத்தான் பதில் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 70 முதல் 89 வயதுவரையிலான 1,635 பேரிடம் நடந்த ‘லைஃப்’ ஆய்வில், நடைப்பயிற்சியும் தசைப்பயிற்சியும் நடமாட்டம் முடங்குவதை 18 சதவீதம் குறைத்தன. நினைவாற்றலில் வித்தியாசம் தெரியவில்லை. உணவு, உடற்பயிற்சி, மூளைக்கான பயிற்சி, ரத்த அழுத்தம் போன்றவற்றின் கண்காணிப்பு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுத்துப் பார்த்த ஃபின்லாந்தின் ‘ஃபிங்கர்’ ஆய்வில் இரண்டே ஆண்டில் அறிவுத்திறன் மேம்பட்டது. கால்களை மட்டும் கவனித்தால் போதாது. முழு மனிதரையும் கவனிக்க வேண்டும்.

அப்படிக் கவனிக்கும் மருத்துவத்துக்கு நம் மண்ணில் வேர் இருக்கிறது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவர் வி.எஸ். நடராஜன் 1978இலேயே முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். முதியோர் மருத்துவத்தில் நாட்டின் முதல் எம்.டி. படிப்பு 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தொடங்கியது. கருவடிக்குப்பத்திலிருந்து சில கிலோமீட்டர் போனால் ஜிப்மர் மருத்துவமனை. ஆனால் மூட்டு வலியோடு இரண்டு வாகனம் மாறிப் போய் வரிசையில் நிற்க முடியாதவரே நலிவின் பிடியில் முதலில் சிக்குகிறார். சோதனை அவர் இருக்கும் இடத்துக்கு வர வேண்டும்.

சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்க முதியவர்கள் மாதாமாதம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறார்கள். அங்கே தரையில் ஆறு மீட்டருக்கு ஒரு கோடு போட்டு, செவிலியர் கையில் ஒரு ஸ்டாப்வாட்ச் கொடுக்கலாம். மாத்திரைச் சீட்டில் நடை நேரத்துக்கு ஒரு கட்டம், ஐந்து முறை எழுந்து உட்காரும் நேரத்துக்கு ஒரு கட்டம், ‘ஞாபகம் எப்படி இருக்கு?’ என்ற கேள்வியின் பதிலுக்கு ஒரு கட்டம். ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். சென்ற மாதத்தைவிட எண் மோசமானால் உடனே தெரிந்துவிடும். நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை இருக்கும் புதுச்சேரி இதை நாட்டிலேயே முதலாவதாகத் தொடங்கலாம். அதற்குக் கருவடிக்குப்பம் போன்ற ஒரு பகுதி போதும்.