இரண்டு சிஸ்டத்திற்கும் ஒரே போல்டரா?

ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸும் உபுண்டு லினக்ஸும் பதிந்து, புரோகிராம் எழுதப் பழகுபவரா நீங்கள்? அப்படியானால் கிட் புரோகிராமையும் பயன்படுத்தத் தொடங்கியிருப்பீர்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ல் உருவாக்கிய இது, எந்த வரியை யார், எப்போது மாற்றினார்கள் என்று கணக்குப்பிள்ளை போல் குறித்து வைக்கிறது. தேவையென்றால் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

என் சித்தி மகன் தன் கல்லூரி புராஜெக்ட் போல்டரை விண்டோஸில் இறக்கி, டி டிரைவில் வைத்து, இரண்டு சிஸ்டத்திலும் அதையே திறந்து வந்தான். லினக்ஸில் கிட் ஸ்டேட்டஸ் கொடுத்தால், தொடாத பைல்கள்கூட மாறிவிட்டதாகக் காட்டியது. வைரஸோ என்று பயந்து எனக்குப் போன் செய்தான்.

வைரஸ் இல்லை. பழைய டெலிபிரின்டரில் ஒரு வரி முடிந்தால் இரண்டு வேலைகள் உண்டு: அச்சு முனையை இடப்பக்கம் கொண்டுவருவது, தாளை ஒரு வரி நகர்த்துவது. விண்டோஸ் இன்றும் இரண்டு குறிகளையும் (எண் 13, 10) வரி முடிவில் எழுதுகிறது. லினக்ஸுக்கு 10 மட்டும் போதும். விண்டோஸுக்கான கிட், நீங்கள் மாற்றாதவரை, பைலை இறக்கும்போது 13ஐச் சேர்த்து, பதியும்போது நீக்கிவிடும். லினக்ஸ் கிட் இதைச் செய்யாது. எனவே ஒவ்வொரு வரியிலும் ஓர் எழுத்து கூடியிருப்பதாக நினைக்கிறது.

அதை அப்படியே கமிட் செய்தால்தான் ஆபத்து. நீங்கள் திருத்தியது இரண்டு வரி. பதிவில் பைல் முழுவதும் உங்கள் பெயரில் மாறியிருக்கும். உடன் வேலை செய்யும் நண்பரின் திருத்தங்களோடு இணைக்கும்போது வரிக்கு வரி மோதும். எது உண்மையான மாற்றம் என்று தேடுவது பெரும்பாடு.

வேறு தொல்லைகளும் உண்டு. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டால் லினக்ஸ் இரண்டு பைல்களாகக் கருதுவதை விண்டோஸ் ஒன்றாகவே பார்க்கும். விண்டோஸின் பாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கினால் டிரைவ் முழுமையாக மூடப்படாது. லினக்ஸ் அதில் எழுத மறுக்கலாம்.

ஆகவே போல்டரைப் பகிர வேண்டாம். கிட்ஹப் போன்ற ஒரு பொது இடத்தில் புராஜெக்ட்டை வைத்து, ஒவ்வொரு சிஸ்டத்திலும் தனித்தனி குளோன் எடுங்கள். வேலை முடிந்ததும் கமிட், புஷ். அடுத்த சிஸ்டத்தில் நுழைந்ததும் புல். புஷ் செய்ய மறந்தால் அன்றைய வேலை மறுபக்கம் வராது. எனக்கு இது குறையாகத் தெரியவில்லை. அடிக்கடி பதியும் பழக்கம் வந்துவிடும்.

அத்துடன் புராஜெக்ட்டின் முதல் போல்டரில், புள்ளியில் தொடங்கும் கிட்ஆட்ரிப்யூட்ஸ் என்ற பைலை உருவாக்கி, ஆங்கில எழுத்துகளில் இந்த வரியை எழுதுங்கள்:

* டெக்ஸ்ட்=ஆட்டோ

பழைய புராஜெக்ட் என்றால் கிட் ஆட் கட்டளையை ரீநார்மலைஸ் ஆப்ஷனுடன் ஒரு முறை கொடுத்து, கமிட் செய்யவும். அந்த கமிட்டில் வேறு எந்தத் திருத்தத்தையும் கலக்க வேண்டாம்.