நம் இணையதளத்துக்கு டாட் காமா, டாட் இன்னா?



"நம்ம கூட்டமைப்புக்கும் ஒரு இணையதளம் வேணும்" என்ற பேச்சு இப்போது கூட்டங்களில் அடிக்கடி வருகிறது. பயிற்சித் தேதி, கடனுக்கு வேண்டிய காகிதங்கள், அரசுத் திட்ட விவரம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தால் நல்லதுதான். அதற்கு முதலில் ஒரு முகவரி வாங்க வேண்டும். அந்த முகவரியின் கடைசியில் எந்தச் சொல்லை வைப்பது என்று பார்ப்போம்.

கடைசிச் சொல் எதற்கு?

ஊரில் ரெண்டு லட்சுமி இருந்தால் மேலத்தெரு லட்சுமி, கீழத்தெரு லட்சுமி என்று சொல்கிறோம் இல்லையா? இணையத்திலும் அப்படித்தான். முன்னால் உள்ள பெயர் ஒன்றாக இருந்தாலும், கடைசிச் சொல் மாறினால் அது வேறொருவருடைய வீடு.

என்னென்ன இருக்கிறது?

டாட் காம்: 1985-ல் வந்தது. வியாபாரக் கம்பெனிகளுக்காக உருவாக்கியது. இப்போது யார் வேண்டுமானாலும் வாங்கலாம். எல்லோருக்கும் தெரிந்தது என்பதால் நல்ல பெயர்கள் பெரும்பாலும் போய்விட்டன.

டாட் ஆர்க்: இதுவும் 1985-ல் வந்ததுதான். சேவை அமைப்புகள் அதிகம் வைத்திருக்கின்றன. ஆனால் இதையும் யாரும் வாங்கலாம். "ஆர்க் என்று இருக்கு, அதனால் நல்லவங்கதான்" என்று நம்பிவிடக் கூடாது.

டாட் இன்: நம் நாட்டுக்கு உரியது. நிக்ஸி என்ற அமைப்பு நிர்வகிக்கிறது. 2005-ல்தான் எல்லோரும் எளிதாக வாங்கும்படி திறந்துவிட்டார்கள். டாட் ஆர்க் டாட் இன் என்றும் வாங்கலாம்.

டாட் இந்தியா: முகவரி முழுவதையும் தமிழிலேயே எழுதலாம். ஆனால் போனில் தமிழ் தட்டச்சு தெரிந்திருக்க வேண்டும். சில விண்ணப்பங்களில் தமிழ் முகவரியை ஏற்காது. இரண்டாவது முகவரியாக வைத்துக்கொள்ளலாம்.

காசு கொடுத்தாலும் கிடைக்காதவை

டாட் கவ் டாட் இன் அரசுக்கு மட்டும்தான். எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31-க்குள் டாட் பேங்க் டாட் இன் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அதை வங்கிகளுக்கு மட்டுமே கொடுக்கிறார்கள். "உங்க கணக்கு முடங்கிடும், இதைத் தொடுங்க" என்று குறுஞ்செய்தி வந்தால் முகவரியின் முடிவைப் பாருங்கள். பேங்க் என்ற சொல் நடுவில் எங்கேயோ இருந்தால் போதாது. முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால், முடிவாக டாட் பேங்க் டாட் இன் என்று இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் தொடாதீர்கள், நேரில் கிளைக்குப் போய்க் கேளுங்கள். அது நம் சேமிப்புப் பணம்.

இலவசம் என்றால்?

டோக்கலாவ் என்ற சின்னத் தீவுகளுக்கு உரிய டாட் டிகே முகவரியைப் பல வருடம் இலவசமாகக் கொடுத்தார்கள். மோசடிக்காரர்கள் அதில் குவிந்தார்கள். கொடுத்து வந்த நிறுவனம் 2024-ல் அந்தத் தொழிலையே விட்டது. சில புதிய கடைசிச் சொற்கள் முதல் வருடம் மலிவாக இருக்கும், அடுத்த வருடம் பல மடங்கு கேட்பார்கள். அதனால் முதல் வருட விலையை மட்டும் பார்க்காமல் புதுப்பிக்கும் கட்டணத்தையும் கேளுங்கள்.

நமக்கு எது?

நம் மாவட்டத்துப் பெண்களுக்குத் தகவல் சொல்லும் தளத்துக்கு டாட் இன் போதும், டாட் ஆர்க் டாட் இன்னும் பொருத்தம்தான். வெளிநாட்டு நன்கொடையாளர்களோடு தொடர்பு உள்ள கூட்டமைப்பு டாட் ஆர்க் எடுக்கலாம். எதுவானாலும் பெயர் சின்னதாக இருக்கட்டும். போனில் ஒருமுறை சொன்னால் எதிரே இருப்பவர் பிழையில்லாமல் எழுத வேண்டும்.

தீர்மான நோட்டில் எழுத வேண்டியவை

1. முகவரி கூட்டமைப்பின் பெயரில் பதிவாக வேண்டும். கம்ப்யூட்டர் சென்டர் தம்பி பெயரில் வேண்டாம். அவர் வேலை மாறிப் போனால் முகவரியும் அவரோடு போய்விடும்.

2. பதிவில் கொடுக்கும் மின்னஞ்சலும் செல்போன் எண்ணும் கூட்டமைப்புக்கு உரியவையாக இருக்க வேண்டும். புதுப்பிக்கச் சொல்லும் தகவல் அங்கேதான் வரும்.

3. பாஸ்வேர்டு இரண்டு பொறுப்பாளர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

4. புதுப்பிக்கும் தேதியை வரவு செலவு நோட்டில் குறித்து வையுங்கள். தேதியைத் தவறவிட்டால் அந்தப் பெயரை வேறு யாரும் வாங்கிவிடலாம். நம்மை நம்பி வரும் பெண்கள் அப்போது யார் கையிலோ மாட்டுவார்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்து, உங்களுக்குப் பிடித்த மூன்று பெயர்களை எழுதிக் கொண்டு வாருங்கள். பெயரும் கடைசிச் சொல்லும் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்ததாக இருக்கட்டும்.