கல்யாணப் பெண்ணுக்குக் கறுப்புப் புடவையா?

காஞ்சிபுரத்துப் பழைய வீடுகளுக்குப் போனால், கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் கல்யாணப் படங்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சில படங்களில் மணப்பெண்ணின் பட்டுப்புடவை கன்னங்கரேலென்று இருக்கும். முகூர்த்தத்துக்குக் கறுப்பா? அதுவும் பட்டு நெய்கிற ஊரிலா? பெரும்பாலும் அது நல்ல அரக்குச் சிவப்பாகத்தான் இருந்திருக்கும். அந்தக் காலத்துக் கேமராவுக்குத்தான் சிவப்பு தெரியாது!

நிஜமாகவே தெரியாது. கறுப்பு வெள்ளைப் படத்தை உண்டாக்குவது வெள்ளி உப்பு. நீல வெளிச்சம் பட்டால் அது உடனே மாறத் தொடங்கும். சிவப்பு வெளிச்சத்துக்கோ அசையவே அசையாது. அதனால் சிவப்புப் புடவையிலிருந்து வந்த வெளிச்சம், கேமராவுக்குள் இருந்த வெள்ளி உப்புத் தகட்டில் பதியவே இல்லை. வெளிச்சமே வராத இடத்தைப் போல அந்தப் பகுதி படத்தில் கறுத்துவிட்டது. 1873-இல் ஃபோகல் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், உப்போடு சிறிது சாயம் சேர்த்தால் பச்சையும் பதியும் என்று கண்டுபிடித்தார். சிவப்பு வரை எல்லா நிறங்களும் பதிகிற தகடுகள் 1906-இல்தான் கடைக்கு வந்தன. அதற்குப் பிறகும் பழைய வகை பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தது.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சின் முகத்தில் பச்சைக் கண்ணாடித் தாளை இரண்டு மூன்று மடிப்பாகச் சுற்றி, சிவப்புத் துணிமேல் அடியுங்கள். துணி ஏறக்குறைய கறுப்பாகிவிடும். பழைய கேமரா பார்த்தது அதைத்தான். படத்தில் நெற்றிக் குங்குமம் மை போலவும் உதடு கறுத்தும் நீலக் கரை வெளுத்தும் தெரிந்தால், அது பழைய வகைத் தகடாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்த முகூர்த்தப் புடவை இன்னும் பெட்டியில் இருந்தால் உங்களுக்கு யோகம். படத்தையும் புடவையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த நிறம் எப்படி மாறியிருக்கிறது என்று பாருங்கள்.

அந்தப் புடவையின் சரிகையிலும் வெள்ளிதான் இருக்கிறது. பட்டு நூலின்மேல் மெல்லிய வெள்ளி இழையைச் சுற்றி, தங்க முலாம் பூசினால் அசல் சரிகை. காற்றில் இருக்கும் கந்தகம் பட்டால் சரிகை கறுக்கும். படத்தில் இருக்கும் வெள்ளியும் அதே கந்தகத்தால் மஞ்சளாகும். ஈரம் பட்ட பழைய படத்தைச் சாய்த்துப் பிடித்தால், ஓரங்களிலும் இருண்ட இடங்களிலும் நீலம் கலந்த ஒரு மினுமினுப்பு தெரியும். உள்ளே இருந்த வெள்ளி மேலே வந்து படிந்ததால் வருகிற மினுமினுப்பு அது. வண்ணப் படத்தில் இது வராது. அதில் கடைசியில் மிஞ்சுவது சாயம் மட்டும்தான். அதனால்தான் 1970களின் வண்ணப் படங்கள் பல இன்று சிவந்துபோய்க் கிடக்கின்றன.

இப்போது ஒரு புதிர். படத்தின் பின்பக்கம் ‘சித்தார்த்தி வருஷம், ஆவணி’ என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். தமிழ் ஆண்டுகளின் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். ஆகவே அது 1919 ஆகவும் இருக்கலாம், 1979 ஆகவும் இருக்கலாம். நிற்பவர் தாத்தாவா, தாத்தாவின் தாத்தாவா என்பதே இதில்தான் இருக்கிறது!

முதலில் ஸ்டூடியோ முத்திரையைப் பாருங்கள். ‘காஞ்சிபுரம் 631501’ என்று ஆறு இலக்கம் இருந்தால் அந்த அச்சு 1919-ஐச் சேர்ந்தது இல்லை. பின்கோடு வந்ததே 1972 ஆகஸ்டு 15-இல்தான். முத்திரை இல்லையென்றால், கடைகளில் கள்ள நோட்டு பார்க்கிற ஊதா விளக்கைப் பெரியவர் துணையோடு தாள்மேல் காட்டுங்கள் (விளக்கை நேராகப் பார்க்கக் கூடாது). 1950களிலிருந்து படத்தாள்களில் வெளுப்பூட்டும் பொருள் ஒன்றைச் சேர்த்தார்கள். சலவைத்தூளிலும் அப்படிப்பட்ட பொருள் உண்டு. துவைத்த வெள்ளை வேட்டி அந்த வெளிச்சத்தில் நீலமாக ஒளிர்வது அதனால்தான். 1940-இல் இறந்த அமெரிக்கப் புகைப்படக்காரர் லூயிஸ் ஹைன் கையாலேயே அச்சிட்டவை என்று விற்கப்பட்ட சில படங்கள், பின்னால் அச்சானவை என்பதைக் காட்டிக் கொடுத்ததும் இந்த ஒளிர்வுதான்.

ஆனால் அவசரப்படாதீர்கள். தாள் ஒளிர்ந்தால் அது 1950க்குப் பிந்தைய தாள். ஒளிராவிட்டால் பழையது என்று அர்த்தமில்லை, ஏனென்றால் பிந்தைய தாள்கள் எல்லாவற்றிலும் அந்தப் பொருள் கிடையாது. 1919-இல் எடுத்த படத்தை 1979-இல் யாராவது மறுபடி பிரதி எடுத்திருக்கவும் கூடும். தாளின் வயது வேறு, படத்தின் வயது வேறு. பெல்பாட்டம் போட்ட சித்தப்பா ஓரமாக நின்றால் மட்டும் சந்தேகமே வேண்டாம், 1979தான்.

ஆண்டு கிடைத்துவிட்டது. ஆட்கள் யார்? இதை எந்த விளக்கும் சொல்லாது, பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும். “எந்த வருஷம் பாட்டி?” என்று கேட்டால் பதில் வராமல் போகலாம். “அத்திவரதர் வந்தப்போ இந்தக் குழந்தை பிறந்தாச்சா?” என்று கேளுங்கள். வரதராஜப் பெருமாள் கோயில் குளத்துக்குள் இருக்கும் அத்திவரதர் சிலை 1979-இல் வெளியே வந்தது, பிறகு 2019-இல் வந்தது. ஊரே நினைவில் வைத்திருக்கும் ஆண்டுகள் அவை.

“இது பெரியத்தைதானே?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நீங்கள் சொன்ன பெயரே அவர் நினைவில் ஒட்டிக்கொள்ளும். “இது யாரு?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். இன்னொருவரிடம் தனியாகக் கேட்டு, இரண்டு பதிலும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அக்கா தங்கைகள் முகத்தில் குழப்புவார்கள், காது மடலின் வளைவுகளைக் கவனியுங்கள். காதுச் சோணை வயதானால் தொங்கும், மடலின் வளைவுகள் அதிகம் மாறாது.

பாண்டிச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் 1880 முதல் 1980 வரை எடுத்த படங்களைத் தேடித் தேடி டிஜிட்டலாக்கி வைத்திருக்கிறது. உங்கள் வீட்டுப் படங்களுக்கு அந்த வேலையை நீங்களே செய்யலாம். ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் செல்போனில் எடுங்கள். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்க வேண்டாம், கண்ணாடி வழியாகவே எடுங்கள். பெயர்களைப் பேனாவால் எழுதினால் மை மறுபக்கம் ஊறும். மெத்தென்ற பென்சிலால், பின்பக்க ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள். பல படங்களில் ஆண்களுக்குப் பெயர் இருக்கும், பெண்களுக்கு ‘சம்சாரம்’ என்று மட்டும் இருக்கும். அது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம். அந்த அம்மாவின் பெயரையும் பிறந்த ஊரையும் கேட்டு முழுசாக எழுதுங்கள். யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது என்பதையும் கீழே குறியுங்கள். ஊகமாக எழுதியதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள்.